குறித்த நாளில் வரவில்லை

ஜனவரி 8, புதன்

மோட்டார் காயில் எரிந்துவிட்டது. இரண்டு வாளித் தண்ணீரில் குளியல், சமையல், எல்லாம். எலெக்ட்ரீஷியன் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

ஓ.பி.யில் கூட்டம். பெரும்பாலும் சளி, தொப்புள் புண், சுன்னத்துக்குக் காட்ட வந்தவர்கள். ஒரு ஹெர்னியா. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட ஆண் குழந்தை. ஏழு வாரம், எடை இரண்டு கிலோ முந்நூறு. அழுதால் வலது தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்கு வீங்குகிறது. அழுகை நின்றால் உள்ளே போய்விடுகிறது. தாய் மாரிச்செல்வி, உப்பளத்தில் வேலை.

சீட்டில் பெயரைப் படிப்பதற்கு முன்பே அவள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்க்காமல் பரிசோதித்தேன். "முதல் குழந்தையா?" என்று கேட்டேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது, அதனால் கேட்டேன்.

அவள் பதில் சொல்வதற்குள் பின்னால் நின்ற மாமியார் முந்திக்கொண்டாள். "மூத்தவன் இதே நோவுலதான் ஐயா போனான். இதே ஆஸ்பத்திரிதான். ஆபரேசனுக்கு நாள் குறிச்சுக் குடுத்தாவ. இவ கொண்டு வரல. வந்திருந்தா பிள்ளை இன்னைக்கு ஓடித் திரிஞ்சிருக்கும்."

மாரிச்செல்வி குழந்தையின் துணியை இழுத்து மூடினாள்.

இவ்வளவு சின்னக் குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது ஆபத்து, பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரிக்குப் போவதுதான் நல்லது என்று சொல்லி, கடிதம் எழுதிக் கொடுத்தேன். மருத்துவ ரீதியாகச் சரியான முடிவு.

ஜனவரி 9, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது.

ஜனவரி 10, வெள்ளி

பழைய கேஸை ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டால் மனம் ஆறும் என்று தோன்றுகிறது.

மாரிச்செல்வியின் மூத்தவன் இசக்கிராஜா, அப்போது மூன்று மாதம். இரண்டு வருஷத்துக்கு முன் நவம்பர் எட்டாம் தேதி ஓ.பி.க்கு வந்தான். வலதுபக்க ஹெர்னியா. ஆண் குழந்தைகளுக்கு விதை வயிற்றிலிருந்து கீழே இறங்கி வரும் வழி பிறப்பதற்குள் மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடாது. அந்த வழியாகக் குடல் சரிந்து வரும். திறந்து, அந்தப் பையின் கழுத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது. அரை மணி நேர வேலை. பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமைக்குக் குறித்துக் கொடுத்தேன். பத்தொன்பதாம் தேதி குடல் வெளியே வந்து மாட்டிக்கொண்டது. மறுநாள் கொண்டுவந்தபோது குழந்தை பச்சையாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. ரத்தம் ஓடாமல் ஒரு சாண் குடல் கறுத்துப் போயிருந்தது. வெட்டி இணைத்தேன். இருபத்திரண்டாம் தேதி இறந்துவிட்டது.

விசாரணை நடந்தது. சிகிச்சையில் குறை ஏதும் இல்லை என்று முடித்தார்கள்.

எழுதிவிட்டேன். ஆறவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை ஆராதனை முழுக்க அழுதது. அதன் தாய் வெளியே தூக்கிப் போன பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னும் அழுகிறதா என்று மனைவி ரூபியிடம் கேட்டேன். "அது எப்பவோ தூங்கிருச்சே, அந்தா வாசல்ல நிக்கிறாங்க பாருங்க" என்றாள்.

மத்தியானம் சாப்பிடும்போது ரூபி, "இந்த வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு, முன் ஹால்ல நீங்க ஒரு நாள்கூட உட்கார்ந்து நான் பார்க்கலை. அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கின வீடு, ஏன் உங்களுக்குப் பிடிக்கலை?" என்று கேட்டாள்.

ஹாலில் மேற்கு வெயில் அடிக்கிறது என்றேன்.

ஜனவரி 13, திங்கள்

மாரிச்செல்வி திரும்பி வந்துவிட்டாள். கடிதம் மடித்தது மடித்தபடி கையில் இருந்தது. இந்த முறை தனியாக வந்திருந்தாள்.

"ஏன் அங்கே போகலை?"

"லாரிக்குப் போன மனுசன் இன்னும் வரல சார். அம்புட்டுத் தூரம் யாரக் கூட்டிட்டுப் போவேன்? இங்கன பிள்ளைகளுக்கு ஆபரேசன் பண்ணுதது நீங்க ஒருத்தர்தான. நீங்களே பண்ணுங்க." கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "இந்தத் தடவ நீங்க இருப்பீயல்ல?" என்றாள்.

எந்த அர்த்தத்தில் கேட்டாள் என்று தெரியவில்லை. இருப்பேன் என்றேன்.

மயக்க மருத்துவர் ஹமீதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குழந்தையின் மார்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். "குறைமாசக் குழந்தைங்க மயக்கத்துக்கு அப்புறம் மூச்சு விட மறந்துடும் சார். மூணு கிலோவாவது வரட்டும். ஆறு வாரம் தாங்குமா?"

தாங்குமா என்று யாருக்குத் தெரியும்? முதல் வருஷத்தில்தான் குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம். சீக்கிரம் செய்தால் மூச்சு. தாமதித்தால் குடல். பாடப்புத்தகத்திலேயே இரண்டு கட்சி உண்டு. பொறுப்போம் என்று முடிவு செய்தோம்.

மாரிச்செல்வியிடம் சொன்னேன். வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி நின்றாலோ, பால் குடிக்காமல் பச்சையாக வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. என் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். இருபது வருஷத்தில் எந்த நோயாளிக்கும் நான் எண் கொடுத்ததில்லை.

ஜனவரி 15, புதன்

பொங்கல் விடுமுறை. கைபேசியைக் குளியலறைக்கும் எடுத்துப் போகிறேன். ரூபி சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

தியேட்டர் நாள். மூன்று கேஸ். வழக்கம்போல ஆக்ஸிஜன் சிலிண்டர் இறக்கும் பக்கத்து வாசல் வழியாக உள்ளே போனேன். முன் வாசலில் சிமெண்ட் பெஞ்சு ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்குக் குறித்த குழந்தைகளைத் தாய்மார்கள் அங்கேதான் மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சுற்றிப் போவதில் எனக்கு ஒன்றும் சிரமம் இல்லை.

மாலையில் ரூபி பூரிக்கு மாவு பிசைந்து உருட்டி வைத்திருந்தாள். எடுத்துத் தரும்போது ஓர் உருண்டையில் விரல் பட்டது. அமுக்கியதும் குழிந்தது, விட்டதும் மெல்ல மேலே வந்தது. கை கழுவிவிட்டுப் படுத்துவிட்டேன். பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சார், காலையில இருந்து உள்ள போவ மாட்டேங்கு. கல்லா நிக்கி. அழுதுக்கிட்டே கெடக்கான்."

முக்கால் மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். தோல் லேசாகச் சிவந்திருந்தது. வாந்தி இல்லை. தூக்கத்துக்கு மருந்து கொடுத்து, கால்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைத்து, அவன் அடங்கும் வரை காத்திருந்தேன். பிறகு இடது கை விரல்களால் வீக்கத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மெதுவாக அழுத்தினேன். அவசரப்பட்டால் குடல் கிழியும். விட்டுவிட்டால் செத்துப்போகும். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிஷம். விரலுக்கடியில் சின்னதாக ஒரு களக் சத்தம், குடலில் இருந்த காற்று நகர்ந்தது. அப்புறம் மொத்தமும் வழுக்கி உள்ளே போனது. என் முதுகுச் சட்டை நனைந்திருந்தது.

வார்டில் சேர்த்தோம். வீக்கம் வடிய இரண்டு நாள் விட்டு, செவ்வாய் ஆபரேஷன். இனி எடைக்காகக் காத்திருக்க முடியாது. ஹமீதாவும் ஒத்துக்கொண்டார்.

மாமியார் பேச்சித்தாய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க தெய்வம் ஐயா. அன்னைக்கும் இவ ஒழுங்கா வந்திருந்தா மூத்தவனையும் காப்பாத்திருப்பீய. பஸ் ஏறி வந்தாளாம், டாக்டர் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாவளாம். பிள்ளை செத்ததுக்குத் துட்டி கேக்க வந்த எங்கூரு நர்சம்மா தாளப் பாத்துத் தெளிவாச் சொல்லிச்சு, இவ வரவே இல்லன்னு. அன்னைக்குச் சீவிச் சிங்காரிச்சு பஸ் ஏறி எங்க போனாளோ, யாரு கண்டா? ஆஸ்பத்திரித் தாளு பொய் சொல்லுமா ஐயா?"

மாரிச்செல்வி குழந்தையின் தலைப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கை கழுவப் போய்விட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

பத்தாம் தேதி எழுதியதில் ஒரு நாளைத் தாண்டிப் போய்விட்டேன். நவம்பர் பதினைந்து.

அன்று காலை பத்தரைக்கு இந்த வீட்டுக்குப் பத்திரப்பதிவு. விற்கிறவர் மறுநாள் துபாய்க்குக் கிளம்புகிறார், அதை விட்டால் மூன்று மாதம் ஆகும் என்று தரகர் சொன்னார். விடுப்புக் கேட்டால் கிடைக்குமோ கிடைக்காதோ என்று, காலை எட்டு மணிக்குத் தியேட்டர் நர்ஸுக்குப் போன் செய்து எனக்குக் காய்ச்சல் என்றேன். எல்லாக் கேஸையும் அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிவைக்கச் சொன்னேன். "ஒரு சின்னக் குழந்தை வந்திருக்கு சார், விடியறதுக்கு முன்னாலேர்ந்து பால் கொடுக்காம வச்சிருக்காங்க" என்றாள். அதையும்தான் என்றேன்.

பதினொரு மணி வரை மாரிச்செல்வி அந்தப் பெஞ்சில் இருந்தாளாம். நான் வந்துவிடுவேன் என்று நம்பி, இன்று ஆபரேஷன் இல்லை என்று சொன்ன பிறகும் பால் கொடுக்காமல் இருந்தாளாம். குழந்தை கத்திக்கொண்டே இருந்ததாம். இதை நர்ஸ் பின்னால் சொன்னாள். அந்த அழுகையை நான் கேட்கவில்லை. நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்துக்கொண்டிருந்தேன். கேட்காத அழுகை எப்படி இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

குழந்தை இறந்த அன்று கேஸ் ஷீட்டை முடித்து எழுதினேன். "அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாளில் பெற்றோர் குழந்தையைக் கொண்டுவரவில்லை." ஒரே வரி. யாரும் சரிபார்க்கவில்லை. அந்த நர்ஸ் மாற்றலாகிப் போய்விட்டாள். அந்த வரி ஆஸ்பத்திரி விசாரணையோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அது அவள் வீடு வரைக்கும் போய், இரண்டு வருஷமாக அவளோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறது.

ஜனவரி 28, செவ்வாய்

முன் வாசல் வழியாகப் போனேன். பெஞ்சில் அவள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. "வந்துட்டீய" என்றாள்.

முழு மயக்கம் வேண்டாம் என்று ஹமீதா முடிவு செய்திருந்தார். நர்ஸ் குழந்தையை உட்காரவைத்து முதுகை வளைத்துப் பிடிக்க, முடி போன்ற ஊசியால் முதுகுத்தண்டில் மருந்து கொடுத்தார். கால்கள் துவண்டன. கண் மட்டும் விழித்திருந்தது. சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சப்பிக்கொண்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தோல் மடிப்பில் ஒன்றரை சென்டிமீட்டர். மாட்டி மீண்ட இடம் என்பதால் உள்ளே எல்லாம் ஊறிப் போயிருந்தது. பை வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. அதோடு ஒட்டிக்கொண்டு விந்துக்குழாய், தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிப்பு. அதைக் கிள்ளிவிட்டால் முடிந்தது. பிரித்துக்கொண்டு வரும்போது பை மேல்நோக்கிக் கிழிந்தது. ஒரு கணம் எனக்குக் கண் முன்னால் கறுத்த குடல்தான் தெரிந்தது. "சார்" என்றார் ஹமீதா. கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்த்தேன். உள்ளே ரோஜா நிறத்தில் உயிருள்ள குடல். கிழிசலின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, கழுத்தில் இரண்டு கட்டுப் போட்டேன். இடதுபக்கத்தையும் பார்த்துவிட எண்ணம் இருந்தது. ஊசி மருந்தின் நேரம் முடிய இருந்ததால் விட்டுவிட்டோம்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு மூச்சு நின்றது. ஹமீதா பயந்தது நடந்தது. மானிட்டர் கத்தியது, உதடு சாம்பல் நிறமானது. அவர் உள்ளங்காலைச் சுண்டினார். அசைவில்லை. ஆக்ஸிஜன் முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அழுத்தினார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வரை எண்ணினேன். பிறகு அவன் ஒரு தரம் இழுத்து, முகத்தைச் சுளித்து, அழுதான்.

இரண்டு வருஷமாகக் கேட்ட அழுகை அல்ல இது. இவனுடைய அழுகை. வேறு மாதிரி இருந்தது.

ஜனவரி 29, புதன்

குழந்தை நன்றாக இருக்கிறான். பால் குடிக்கிறான். மூச்சு அப்புறம் நிற்கவில்லை.

மாரிச்செல்வியின் புருஷன் காசிராசன் நேற்று மாலை வந்துவிட்டான். காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் வார்டின் கடைசிப் படுக்கைக்குப் போனேன். மூன்று பேரும் இருந்தார்கள். பேச்சித்தாய் டம்ளரில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தாள்ல இருக்கிறதை எழுதினது நான்தாம்மா. அது பொய். உங்க மருமக அன்னைக்கு வந்திருந்தாங்க. ஏழு மணிக்கே வந்துட்டாங்க. நான்தான் வரலை. வீட்டுப் பதிவுக்குப் போயிட்டு, காய்ச்சல்னு சொல்லிட்டேன். பிள்ளை செத்ததும் என் மேல வந்துடும்னு, இவங்க வரலைன்னு எழுதிட்டேன்."

பேச்சித்தாயின் கை அப்படியே நின்றது. "என்னய்யா சொல்லுதீய?" என்றாள். அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது முறை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

காசிராசன் எழுந்து என் எதிரே வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். "ரெண்டு வருசமா இவள நான் என்னென்ன பேச்சுப் பேசிருக்கேன்னு உமக்குத் தெரியுமாவே?" என்றான். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

பேச்சித்தாய் மருமகளைப் பார்த்தாள். "செல்வி" என்றாள்.

மாரிச்செல்வி யாரையும் பார்க்கவில்லை. "எனக்கு இதுல என்ன புதுசு இருக்கு? நான் வந்தேன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு என்னிடம், "இத எழுதித் தாங்க சார். கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு. வாயால சொன்னது நாலு நாளு நிக்காது. அந்தத் தாளு ரெண்டு வருசம் நின்னுச்சு."

"எழுதித் தர்றேன். என்னை மன்னிச்சிருங்கம்மா."

"அதப் பெறவு பாப்போம். பிள்ளைக்குப் பால் குடுக்கணும். கொஞ்சம் வெளிய நில்லுங்க."

வெளியே நின்றேன்.

ஜனவரி 30, வியாழன்

இரண்டு பிரதி எழுதினேன். ஒன்று அவளுக்கு. ஒன்று கண்காணிப்பாளருக்கு. கண்காணிப்பாளர் இரண்டு முறை படித்துவிட்டு, "ஞானதுரை, இதை யார் கேட்டா?" என்றார். யாரும் கேட்கவில்லை என்றேன். "மேலே அனுப்பினா உங்க வேலை போகலாம். யோசிச்சிட்டு நாளைக்கு வாங்க." இன்றைக்கே அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரூபியிடமும் சொன்னேன். அவள் நெடுநேரம் ஹாலின் நடுவே நின்று சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நான் புதுச்சேலை கட்டிக்கிட்டு வந்தேன். போட்டோ எடுத்தோமே" என்றாள். போய் அந்தப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றினாள். கழற்றிவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

பிப்ரவரி 5, புதன்

மெமோ வந்துவிட்டது. மார்ச் முதல் வாரம் விசாரணை. அதுவரை வேலை பார்க்கலாம்.

மாரிச்செல்வி காயம் காட்ட வந்தாள். பேச்சித்தாய் கூட வந்திருந்தாள், ஆனால் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். பால் புட்டி, துணிப்பை எல்லாம் இப்போது அவள் கையில் இருக்கின்றன.

"வீட்டுல எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பேசாம இருக்காவ. அந்தத் தாள நடுவீட்டுல மாட்டிருக்கேன், வாரவுக எல்லாரும் பாக்கட்டும்னு."

காயம் ஆறியிருந்தது. துணியை மூடும் முன் குழந்தை அழுதான். இடதுபக்கம் லேசாகப் புடைத்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டு பக்கமும் வருவது சகஜம். அழுத்தியதும் உள்ளே போனது. ஹமீதாவைக் கேட்டேன். மூன்று வாரத்தில் எடை கூடிவிடும், தாராளமாகச் செய்யலாம் என்றார்.

"அம்மா, இந்தப் பக்கமும் பண்ணணும். மருத்துவக் கல்லூரியில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார். என்கிட்ட வேண்டாம்னா சொல்லுங்க, நானே பேசி, ஆம்புலன்ஸுக்கும் ஏற்பாடு பண்றேன். எந்த நாள்னாலும்..."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எந்த நாளுன்னாலும்னு சொல்லாதீய சார். ஒரு தேதியச் சொல்லுங்க. குறிச்ச தேதிக்கு நான் வந்துருவேன்."

பிப்ரவரி இருபத்தைந்து, செவ்வாய், காலை ஏழு மணி என்று எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆறரைக்கே போய்விட்டேன். அவள் எனக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.